பித்தளைச் சங்கிலியை வலம் வந்தோம்

எங்கள் ஆய்வுக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் ஓரடி பின்னால் கிடக்கும். அதை எடுக்க வேண்டியவர் ஓரடி பின்னால் போக மாட்டார். முன்னால் நடந்து, நடுவில் நிற்கிற பித்தளை மாடலை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் எடுப்பார். மாடல் எப்போதும் அவருடைய வலக்கைப் பக்கமே இருக்கும், கோயிலில் சந்நிதி இருப்பது போல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நாளில் நானும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

செம்பூரைத் தாண்டி, பஸ் கடைசியாக நிற்கிற இடத்துக்கும் அப்பால் இருந்தது அந்தக் கூடம். தகரக் கூரை, உயரத்தில் இரும்பு உத்தரங்கள், மூன்று பக்கமும் ஜன்னல். வெளியே பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையின் நெட்டைக் குழாய், அதன் நுனியில் பகலிலும் எரிகிற தீ. மழைக்காலத்தில் மேகம் அந்தத் தீயின் மேல் இறங்கி, உள்ளே விளக்கு வைத்தாற்போல ஆரஞ்சு நிறமாக நிற்கும். கணக்கை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அறுபதுகளின் பின்பாதி அது. மாட்டுங்காவில் வீடு, பாலக்காட்டிலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாகிவிட்ட அப்பா, கணக்கில் ஒரு பி.எஸ்ஸி., மூக்குக்கு மேல் கோபம். இவ்வளவுதான் அப்போது என் சொத்து.

வேலையின் பெயர் கம்ப்யூட்டிங் அசிஸ்டென்ட். டெம்பரரி. எங்கள் ஸார் கும்பகோணத்துக்காரர், நாற்பது வயதுகூட ஆகவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு அங்கேயே சௌக்கியமாக இருந்திருக்கலாம், கிளம்பி வந்துவிட்டார். புரதம் எப்படி மடிந்து நிற்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு மாடல் கட்ட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு. புரதம் என்றால் பருப்பில் இருப்பது என்று என் அம்மா நினைத்தாள். தப்பில்லை. பருப்பில், முட்டையில், நம் ரத்தத்தில், தலைமுடியில் எல்லாம் இருப்பதுதான். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு நீளச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் உடம்பு ஒரே மாதிரி இருக்கும், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற வால் மட்டும் வேறு வேறு. சில இடங்களில் அந்தச் சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு ஒரு தண்டாகிவிடும். முழுப் புரதம் பெரிய காரியம், முதலில் அந்தத் தண்டை மட்டும் கட்டி நிறுத்துவோம் என்றார் ஸார்.

ஒரு கண்ணியோடு அடுத்த கண்ணியைச் சேர்க்க வேண்டும். அதுதான் என் ப்ரோக்ராம். சொன்னால் சின்ன வேலை. முதல் கண்ணியின் கடைசி மூன்று அணுக்களைப் பிடித்துக்கொள். அடுத்த கண்ணியின் முதல் மூன்றை அவற்றின் மேல் சரியாக உட்கார வை. வேண்டிய அளவு திருப்பு. இப்போது மற்ற அணுக்கள் எங்கெங்கே போய் நிற்கின்றன என்று எழுது. ஏதாவது ஒன்று இன்னொன்றின் மேல் இடிக்கிறதா என்று பார். பிறகு அடுத்த கண்ணிக்குப் போ. கையால் போட்டால் ஒரு கண்ணிக்கே ஒரு நாள் போய்விடும். நடுவில் யாராவது டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதையே ஃபோர்ட்ரான் என்கிற மெஷின் பாஷையில் எழுதி, வரிக்கு ஓர் அட்டையாகத் துளை போட்டு கம்ப்யூட்டர் மெஷினிடம் கொடுத்தால், அது பாட்டுக்குச் சலிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். சாஃப்ட்வேர் என்கிற வார்த்தையை அப்போது நாங்கள் யாரும் கேட்டதில்லை. அட்டைக்கட்டு என்போம்.

மெஷின் எங்களுடையது இல்லை. பம்பாயின் தென்கோடியில் கடலை ஒட்டிய வேறோர் ஆய்வு நிலையத்தில் இருந்தது. எங்களுக்கு அதில் கொஞ்ச நேரம் இரவல். மின்சார ரயிலின் லேடீஸ் டப்பாவில் அட்டைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு போவேன். மழையில் அட்டை நமுத்து உப்பிவிட்டால் மெஷின் அதைக் கடித்துத் துப்பிவிடும். ஒரு தடவை அப்படி ஆகி, அழாத குறையாக வீட்டுக்கு வந்தேன். அம்மா அப்பளம் வைக்கிற இறுக்கு மூடி டின்னைக் காலி செய்து கொடுத்தாள். அட்டைகள் அதில் கச்சிதமாக உட்கார்ந்தன. அதற்கப்புறம் நான் டின்னோடு கிளம்பும்போதெல்லாம், இன்றைக்கு எத்தனை பொரித்தாய் என்று சாயங்காலம் கேட்பாள். எங்கள் ப்ரோக்ராமில் கடைசி வரை லேசாகப் பெருங்காய வாசனை அடித்தது.

மெஷின் தருகிற எண்களைப் பித்தளையாக ஆக்கியவர் அண்ணாச்சி. மெக்கானிக். ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே, வீடு தாராவியில் ஒரு கோலி, ஒற்றை அறை. வயது முப்பத்தைந்து இருக்கும். ஸார் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவருக்கு நான் கணக்கம்மா. ஒவ்வொரு கண்ணியையும் கம்பியில் செய்து, ஆக்சிஜனுக்குச் சிவப்பும் நைட்ரஜனுக்கு நீலமும் பூசி, பெஞ்சில் வரிசையாக வைத்திருப்பார். நான் உயரத்தையும் கோணத்தையும் படிப்பேன், அவர் மாட்டுவார். மாடல் நின்றது ஒரு வட்டப் பலகையின் மேல். பலகையின் விளிம்பில் சுற்றிலும் டிகிரி எண்களை அவரே வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தார். கதவைப் பார்த்த பக்கம் பூஜ்யம். அங்கிருந்து நாங்கள் நடக்கிற திசையில் எண்கள் ஏறிக்கொண்டு போகும். ஸார் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். நானும் பார்த்தேன். எனக்கும் நன்றாகத்தான் பட்டது.

அந்தச் சுற்றுகிற வழக்கம் அண்ணாச்சியிடமிருந்து வந்தது. அது எதற்கு என்று ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். அவர் மனைவிக்கு ஏற்கெனவே இரண்டு பிரசவம் ஆகி, இரண்டும் தங்கவில்லை. இப்போது மூன்றாவது. குழந்தை பிறக்கிற வரை தினமும் தாராவிப் பிள்ளையாரைச் சுற்றுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுந்து நடக்கவே கூடாது என்று படுக்க வைத்துவிட்டார். அதனால் விடியற்காலையில் இவர் போய் அவளுக்காகச் சுற்றிவிட்டு வேலைக்கு வருகிறார். குழந்தை கைக்கு வருகிற வரை எதையும் எதிர்ச்சுற்றாகச் சுற்றுவதில்லை என்று தாமாகவே ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“அவ சுத்த வேண்டியத நான் சுத்துதேன். யாரு சுத்துனா என்ன, சாமிக்குத் தெரியாதா?” என்றார். பிறகு டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மொத ரெண்டும் அழவே இல்ல, கணக்கம்மா. ஆஸ்பத்திரி வராந்தாவுல காத வச்சுக்கிட்டே நின்னேன். சத்தமே வரல.”

நான் என் டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

தண்டு மெல்ல ஏறியது. அந்த நாட்களில் எனக்கு விழிப்பு எது, தூக்கம் எது என்றே சரியாகத் தெரியாமல் இருந்தது. பஸ்ஸில் கண்ணை மூடினால் கண்ணிகள் ஒவ்வொன்றாக வந்து தாமாகவே மாட்டிக்கொள்ளும். பின்னலை அவிழ்க்கும்போது ஒவ்வொரு புரியும் எத்தனை டிகிரி திரும்புகிறது என்று விரல் தானாக அளக்கும். இந்த முடிக்குள்ளும் அதே தண்டு இருக்கிறது, அதைப் பிடித்திருக்கிற விரலுக்குள்ளும் இருக்கிறது என்று நினைத்தால், நான் ஒரு பெரிய கட்டடத்துக்குள் குடியிருக்கிற மாதிரியும், நானே அந்தக் கட்டடம் மாதிரியும் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு என்று அப்பா குரல் கொடுப்பார்.

தண்டு இடுப்பு உயரம் வந்தபோதுதான் இடி ஆரம்பித்தது. கண்ணிகள் எப்படியோ ஒன்றோடொன்று சேர்ந்தன. ஆனால் வால்கள் போய்ப் பக்கத்துச் சிவப்பு ஆக்சிஜனில் முட்டின. ஒன்று இரண்டு என்றால் கம்பி வளைந்திருக்கும் என்று சொல்லலாம். எல்லா வாலும் முட்டியது. மெஷின் கொடுத்த தாளிலோ ஓர் இடிகூட இல்லை. ஸார் தாளைப் பார்த்தார், மாடலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். ஏதோ தப்பு இருக்கேம்மா என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அப்பள டின்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வோர் அட்டையாகச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன். இடி இல்லை. இன்னொரு முறை. இல்லை. டெல்லியிலிருந்து ஒரு கமிட்டி மாதக் கடைசியில் மாடலைப் பார்த்து, கூடம் எங்களிடமே இருக்கலாமா என்று முடிவு செய்ய வருவதாக இருந்தது. எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்தில் முதல் மாடி மாமா ஒருவர் தவறிப்போனார். வயதானவர், ரொம்ப நாள் படுக்கை. கீழே முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை விட்டிருந்தது. ஈரத் துணியோடு வீட்டு மனிதர்கள் அவரைச் சுற்றி வந்தார்கள். நல்லதற்கெல்லாம் வலமாகச் சுற்றுகிறவர்கள் சாவுக்கு மட்டும் இடமாகச் சுற்றுவார்கள். பிணம் இடக்கைப் பக்கம் இருக்கும். மேலிருந்து பார்க்க அவர்கள் தலைகள் மட்டும் மெதுவாக, கடிகாரத்துக்கு எதிராக நகர்ந்தன.

காலேஜில் முதல் வருஷம் கோணம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. கோணம் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் வளரும். புத்தகங்களில் எல்லாம் அப்படித்தான். என் ப்ரோக்ராமிலும் அப்படித்தான். கீழே அவர்கள் நடந்துகொண்டிருந்தது என்னுடைய கோணங்கள் வளர்கிற திசையில். அண்ணாச்சி பலகையில் எழுதியிருந்ததோ நாங்கள் நடக்கிற திசை, சந்நிதியைச் சுற்றுகிற திசை. எண்கள் எல்லாம் சரி, அவற்றைக் கொண்டுபோய் மாட்டிய திசைதான் தலைகீழ். புத்தகங்கள் அந்தத் தண்டை வலக்கைச் சுருள் என்றன, வலக்கைக் கட்டைவிரலை மேலே நீட்டினால் மற்ற விரல்கள் மடிகிற திசையில் ஏறுவது. மாடல்தான் எங்கள் வலக்கைப் பக்கம் இருக்கிறதே, பின் என்ன சந்தேகம் என்று மூன்று பேரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது கண்ணாடியில் தெரிகிற தண்டு. உயிருள்ள எதிலும் அது கிடையாது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழே ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், அவர் பெண்கள் அழுகிறார்கள், நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு என்னை உள்ளே இழுத்துப் போனாள்.

திங்கட்கிழமை ஸாரிடம் சொன்னதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று பேரும் கோயிலுக்குப் போய் வளர்ந்தவர்கள், ஒரு வெள்ளைக்காரன் இந்த ரூமில் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான் என்றார். பலகையில் எண்களை அழித்து மறு திசையில் எழுதி, எல்லாவற்றையும் பிரித்து மாட்டினால் தீர்ந்தது. கமிட்டிக்கு முன் முடித்துவிடலாம்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பலகையின் விளிம்பில் விரலை வைத்து, நான் சொன்ன திசையில் ஒரு முழு வட்டம் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

“நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும். நான் இல்லங்கல,” என்றார். “ஆனா அவ நெறமாசமாக் கெடக்கா. பொணத்தச் சுத்துத மாதிரி சுத்தி நான் ஒண்ண எழுப்ப மாட்டேன், ஸார். பிள்ள பொறக்கட்டும். மறுநாளே வந்து செஞ்சு தாரேன்.”

நின்ற இடத்திலேயே நின்று மாட்டலாமே என்றார் ஸார். கை சுற்றுமே என்றார் அண்ணாச்சி. கமிட்டி காத்திருக்காது, வேறு மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டியிருக்கும் என்று ஸார் குரலை உயர்த்தினார். கேளுங்கள், எனக்கு வருத்தமில்லை என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி தம் பெஞ்சுக்குப் போனார். அப்போதும் மாடலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது பித்தளை. இதற்கும் ஒரு பெண்ணின் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்? கண்டுபிடித்தது நான், என் கண்டுபிடிப்பைக் கொண்டுபோய் மூலையில் வைக்கிறார் என்று மனசு கொதித்தது. அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமலே சாயங்காலம் கிளம்பினேன். பஸ் சயானில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே நெரிசலில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வராந்தாவில் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவன் தூணில் சாய்ந்து, தலையை லேசாகச் சாய்த்து, உள்ளே ஏதோ கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் நகர்ந்தது. என் கோபம் அந்த ஸ்டாப்பிலேயே இறங்கிப் போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு பயம்தான் மிச்சம் இருந்தது, இந்தத் தடவையாவது சத்தம் வர வேண்டுமே என்று.

ஸார் வேறு மெக்கானிக்கைக் கேட்கவில்லை. கேட்பேன் கேட்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாட்கள் போயின. பாதித் தண்டு வால்கள் முட்ட அப்படியே நின்றது.

முதல் மாடி மாமாவின் காரியங்கள் முடிந்து, துக்கம் கழித்துச் சாப்பாடு போடுகிற நாள் வந்தது. மாடிப்படி முழுக்க விருந்தாளிகளின் செருப்பு, பரிமாறுகிறவர்கள், பாயசத் தவலை. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கட்டடத்தின் பின்பக்கம் சுருள் இரும்புப் படி ஒன்று உண்டு. குப்பை அள்ளுகிறவர்களுக்கென்று வைத்தது. நாங்கள் அதைத் தொடக்கூடாது. அம்மா பார்க்காதபோது அதில் இறங்கினேன். நடுவில் ஒரு கம்பம், அதைச் சுற்றிச் சுற்றிப் படிகள். பாதி இறங்கியதும் குடையை மறந்துவிட்டது தெரிந்து, திரும்ப ஏறினேன். ஏறும்போது கம்பம் என் இடக்கைப் பக்கம் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். கம்பம் வலக்கைப் பக்கம்.

அங்கேயே நின்றுவிட்டேன். படி அதே படிதான். ஏறினால் இடம், இறங்கினால் வலம். தண்டு என்ன பாவம் செய்தது? அதைக் கீழேயிருந்து மேலே கட்டுவதுதான் எதிர்ச்சுற்று. மேலேயிருந்து கீழே கட்டினால் அதே தண்டுக்கு நாங்கள் எப்போதும் நடக்கிற மாதிரியே நடக்கலாம். பலகையில் ஓர் எண்ணைக்கூட அழிக்க வேண்டாம். ப்ரோக்ராமில் உயரத்தைத் தாழ்வாக மாற்றினால் போதும், ஒரு மைனஸ் குறி. ஒரே ஓர் அட்டை.

அன்றைக்கு பஸ் எவ்வளவு மெதுவாகப் போயிற்று என்று சொல்லி முடியாது. போனதும் பெஞ்சிலிருந்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். விரலை மேலிருந்து கீழே ஓட்டச் சொன்னேன். ஓட்டினார். தலைகீழாகத் திருப்பிப் பிடித்து மறுபடி ஓட்டச் சொன்னேன். அப்போதும் இறங்குகிற விரல் அதே வலச்சுற்றாகவே போயிற்று. அவர் கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். இந்தத் தண்டை முழுசாகக் கழற்றி எடுத்துவிட்டு, உத்தரத்தில் சங்கிலி போட்டுப் பலகையைத் தூக்கிவிடலாம், ஏணி ஒன்று வேண்டும், அவ்வளவுதானே என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஸார் ஏணி கொண்டுவர ஆள் அனுப்பினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே அழகானவை என்று இப்போது தோன்றுகிறது. மேலே பலகை தொங்கியது. அதிலிருந்து சங்கிலி கண்ணி கண்ணியாக எங்களை நோக்கி இறங்கியது. வால்கள் எல்லாம் வெளிப்பக்கம் விரிந்து ஹாயாக நின்றன. எதுவும் எதையும் தொடவில்லை. மத்தியானம் யாரும் இல்லாதபோது தரையில் மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்ப்பேன். சிவப்பும் நீலமும் வட்டம் வட்டமாகக் கீழே இறங்கி வரும். வெளியே தீ அசைந்தால் பித்தளை முழுவதும் ஒரு மினுக்கல் ஓடும். மழை, தகரம், அந்த மினுக்கல். தூங்கிப்போவேன். யாரோ சுற்றுகிற காலடிச் சத்தம் தலைமாட்டில் போய் வரும். எழுந்திருக்கவே மனசு வராது.

கமிட்டி வருவதற்கு முதல் நாள், கடைசிக் கண்ணிகள் சில மட்டும் மிச்சம் இருந்தன. காலையில் அண்ணாச்சியின் பக்கத்துக் கோலிக்காரர் போன் செய்தார். வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அண்ணாச்சி கையிலிருந்த இடுக்கியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினார்.

நானும் ஸாரும் மிச்சத்தை மாட்ட ஆரம்பித்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் கை வேலை சுத்தமாக வராது. நான் கோணம் படிப்பேன், ஸார் திருகாணியைக் கீழே போடுவார், இரண்டு பேரும் தேடுவோம். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. போன இரண்டு தடவையும் இப்படித்தான் நேரம் ஆகியிருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு கண்ணியை மாட்டிக்கொண்டிருந்த ஸாருக்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டியிருந்தது. அது அவருக்கு ஓரடி பின்னால் ஸ்டூலில் கிடந்தது. நின்ற இடத்திலேயே நின்று மாட்டலாமே என்று வாதாடி, அண்ணாச்சியிடம் குரலை உயர்த்திய மனிதர் அவர். ஓரடி பின்னால் போகவில்லை. முன்னால் நடந்து, தொங்குகிற மாடலை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதை எடுத்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

“அண்ணாச்சி இங்கே இல்லையே,” என்றார், திருகாணியைப் பார்த்துக்கொண்டே. “யாராவது சுத்தணுமோ இல்லையோ.”

நான் அடுத்த கோணத்தைப் படித்தேன்.

மறுநாள் கமிட்டி வந்ததும், பார்த்துவிட்டு இன்னும் ஒரு வருஷத்துக்குக் கூடத்தை எங்களுக்கே கொடுத்ததும் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. கமிட்டிக்கு முந்தின அந்தச் சாயங்காலம், இருட்டத் தொடங்கி, ஜன்னலில் அந்த ஆரஞ்சு மேகம் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்ததுதான் நினைவிருக்கிறது. போன் இருந்தது எனக்கு ஓரடி பின்னால் இருந்த மேஜையில். கையை நீட்டினால் எட்டிவிடும்.

நான் முன்னால் நடந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓடவில்லை, ஓடினால் சுற்று கெட்டுவிடும் என்று தோன்றியது. பெஞ்சைக் கடந்து, ஏணியைக் கடந்து, கதவைக் கடந்து, மாடல் என் வலக்கைப் பக்கமே இருக்க முழுச் சுற்றும் நடந்தேன். எடு எடு என்று ஸார் சொல்லவில்லை. இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றார். நான் போய்ச் சேர்ந்தபோதும் போன் அடித்துக்கொண்டிருந்தது.

எடுத்தேன். முதலில் ஏதோ இரானி ஹோட்டலின் இரைச்சல், டம்ளர்கள், ஒருவன் சாய் சாய் என்று கத்துவது. நடுவில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். அண்ணாச்சி என்றேன்.

“அழுதுட்டு, கணக்கம்மா,” என்றார். “வராந்தா வரைக்கும் கேட்டுது.”

ஆணா பெண்ணா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.